மிச்சம் வைத்த மருந்து

1

எங்கள் கராஜுக்குள் கார் நிறுத்தி ஒன்பது மாதம் ஆகிறது. அங்கே பதினோரு அடி நீளத்தில் ஒரு மரப்படகு இரண்டு முக்காலிகளின் மேல் கவிழ்ந்து கிடக்கிறது. கார் வெளியே நியூசிலாந்து மழையில் நனைகிறது. விருதுநகர் மாவட்டத்துக்காரனுக்குப் படகு எதற்கு என்று நீங்கள் முணுமுணுப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. நியாயமான கேள்விதான். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்கு பஸ் ஏற வேண்டிய ஊர் நம்முடையது. ஆனைக்குட்டம் அணை நிறைந்து நான் பார்த்த வருடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எனக்கு நீச்சலும் தெரியாது.

நான் இங்கே ஒரு மரக்கடையில் வேலை பார்க்கிறேன். மூலை உடைந்த பிளைவுட் பலகைகளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார் முதலாளி. ஓசியில் வருவதை விடுகிற பழக்கம் நமக்கு ஏது? என் மகள் எஸ்தர் பள்ளியில் துடுப்புப் போடுகிறவள். அவள்தான் படகு கட்டலாம் என்றாள். இரண்டே வாரத்தில் அவளுக்குச் சலித்துவிட்டது. எனக்குப் பிடித்துக்கொண்டது.

இந்த வகைப் படகுக்கு ஆணி கிடையாது. பலகைகளை அளந்து அறுத்து, ஓரத்தில் துளையிட்டு, செப்புக் கம்பியால் துணி தைப்பதுபோலத் தைக்க வேண்டும். மூட்டுகளில் எபாக்ஸிப் பசையை அடைத்து, அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து, மறுபடி எபாக்ஸி பூச வேண்டும். எபாக்ஸி என்பது இரண்டு புட்டி. ஒன்றில் ரெசின், இன்னொன்றில் ஹார்ட்னர். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் சாது. அளந்து கலந்தால் சூடேறிக்கொண்டே இறுகும். மெல்லிசாகப் பூசினால் அந்தச் சூடு தெரியாது. பாத்திரத்தில் தேங்க விட்டால் சூடு போக வழியில்லாமல் புகைந்துவிடும். அதனால் கலந்ததை மிச்சம் வைக்கக்கூடாது என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் வேலையை நிறுத்திவிட்டேன்.

காரணம் இருக்கிறது. கலப்பது என் பழைய தொழில். ஆனைக்குட்டம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேனாக இருந்தேன். நம் பக்கத்தில் மருந்து என்றால் காய்ச்சலுக்குக் குடிப்பது மட்டுமல்ல, பட்டாசுக்குள் போவதும் மருந்துதான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மருந்தை நான் ஒரு நாள் மிச்சம் வைத்தேன். அதில் ஜெபராஜ் செத்துப்போனான். பழியும் செத்தவன் மேலேயே விழுந்தது. விழட்டும் என்று விட்டவன் நான். அவனுடைய அம்மா இன்னும் சிவகாசியில் இருக்கிறார். பத்தொன்பது வருடமாக மகனுடைய பேரைக் காப்பாற்ற ஒற்றை ஆளாக ஊரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் எனக்கு மாமியார். அவரிடம் உண்மையைச் சொல்வதா, சொல்லாமலே செத்துப்போவதா என்பதுதான் இத்தனை வருடமும் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கேள்வி.

2

நான் விருதுநகரில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவன். அதனால் போர்மேன் சான்றிதழ் சுலபமாகக் கிடைத்தது. கம்பெனியில் அறைக்கு அறை நல்ல இடைவெளி விட்டுக் கட்டியிருந்தார்கள். ஒன்று போனாலும் அடுத்தது நிற்க வேண்டும் என்பதற்காக. மருந்து கலப்பதை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். செருப்பு கூடாது. இரும்பு கூடவே கூடாது. அரைஞாண் கயிற்றில் சாவி தொங்கினால்கூட வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய சட்டம், அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்ப்பது. தீராததை அழித்துவிட வேண்டும். அலுமினியப் பவுடர் சேர்ந்த மருந்தில் ஈரக்காற்று பட்டாலே போதும், யாரும் தொடாமல் அது தானாகச் சூடேறும். இதைப் புத்தகத்திலும் படித்திருந்தேன், கண்ணாலும் பார்த்திருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய்ப்பே இல்லை.

ஜெபராஜ் என்னோடு பள்ளியில் படித்தவன். சர்ச் பாடகர் குழுவில் அவன் குரல் தனியாகக் கேட்கும். மருந்து அறைக்குள் மட்டும் வாயைத் திறக்க மாட்டான். "மருந்துக்குக் காது உண்டுலே, வம்பு பேசக்கூடாது" என்பான். அவன் சாவியை வாசலில் கழற்றி வைப்பதைப் பார்த்துத்தான் புதிதாக வருகிறவர்கள் கற்றுக்கொள்வார்கள். இரும்பு விஷயத்தில் அப்படி ஒரு ஆள்.

தீபாவளி சீசன். லோடு ஏற்ற லாரி வந்து நிற்கிறது, ஆர்டர் முடியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தட்டு மருந்தை நான் மிச்சம் வைத்தேன். "அழிச்சிருவமாலே?" என்று ஜெபராஜ் கேட்டான். "நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவன் என்னை நம்பிப் போனான். நான் அழிக்கவில்லை. திங்கட்கிழமை முதல் வேலைக்கு அது ஆகும், ஒரு மணி நேரம் மிச்சமாகும் என்று தட்டை உள்ளேயே வைத்து மூடிப் பூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு அந்த மழைச் சத்தத்தில் நன்றாகத் தூங்கினேன். தட்டின் ஞாபகமே வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் நான் முப்பது அடி தள்ளி, வேப்பமரத்தடியில் நின்று வந்தவர்கள் பேரை எழுதிக்கொண்டிருந்தேன். ஜெபராஜ் கதவைத் திறந்து உள்ளே போனான். உள்ளேயிருந்து என்னைக் கூப்பிடுகிற அவன் குரல் வந்தது. பதற்றம் இல்லை, ஆச்சரியம்தான். "ஏலே தாசு, இங்கன ஒரு தட்டு சுடுதுலே."

ஓடு என்று ஒரு வார்த்தை போதும். அது எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. வாய் திறக்கவில்லை. நான் வைத்த தட்டு என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்று அந்த நேரத்தில் நினைத்தேனா, இல்லை வெறும் பயத்தில் விறைத்துப்போனேனா, இன்று வரை எனக்கே தெரியாது. அப்படி நினைத்திருந்தால் நான் என்ன மனுஷன் என்பதுதான் என்னைத் தூங்க விடாதது. அறை வெடிக்க ஐந்தாறு நொடி இருந்திருக்கும். அவனுக்கு அது தாராளமாகப் போதும்.

விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம், "இரும்பு ஏதும் உள்ள போயிருக்குமா?" என்று கேட்டார். "போயிருக்கலாம் சார்" என்றேன். கோப்பில் ஏறும்போது அது, இறந்தவர் இரும்புக் கருவியை உள்ளே கொண்டு சென்றதால் என்று ஆகிவிட்டது. வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். கம்பெனியை மூடினார்கள். வேலை போன பெண்கள் ஜெபராஜ் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அந்த வீட்டம்மாதான் அ, ஆ சொல்லிக்கொடுத்தவர். மிஷன் பள்ளி எலிசபெத் டீச்சர். அவர் வாசலில் நின்று, "எம்பிள்ளை இரும்பைக் கொண்டு போகமாட்டான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன்.

3

இரண்டு வருடம் கழித்து அவன் தங்கை மெர்சியைக் கட்டிக்கொண்டேன். கூட்டாளியின் தங்கைக்கு வாழ்க்கை கொடுத்த உத்தமன் என்று சர்ச்சில் என்னைப் பாராட்டினார்கள். பாவத்தைக் கழுவக் கட்டினாயா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கலாம். மெர்சியை எனக்கு முன்பிருந்தே பிடிக்கும் என்பதும் பொய்யில்லை.

மெர்சி நர்ஸ். அவள் வேலையை வைத்துத்தான் எங்களுக்கு இந்த நாடு கிடைத்தது. விசாப் படிவத்தில் ஒரு கேள்வி: வெடிபொருள் கையாளுவதில் உங்களுக்குப் பயிற்சி உண்டா? சிவகாசிக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? மதுரை ஏஜென்ட் சிரித்துக்கொண்டே, "இல்லைன்னு போட்டுருங்க சார். நீங்க பட்டாசுன்னு எழுதுனா அவன் பாம்னு படிப்பான்" என்றார். போட்டேன். அது நான் போட்ட இரண்டாவது பொய்க் கையெழுத்து. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு மனசு அவ்வளவு லேசாக இருந்தது. நான் போர்மேனாக இருந்ததே இல்லை என்று அரசாங்க முத்திரையோடு ஒரு காகிதம் கிடைத்தது மாதிரி.

எஸ்தர் இங்கே பிறந்தவள். அவள் தமிழ் சமையலறைத் தமிழ். சாப்பிடு, தூங்கு, மிச்சம் வைக்காதே, இந்த அளவுதான். சுவரில் இருக்கிற மாமா படத்தைக் காட்டி எப்படிச் செத்தார் என்று சிறு வயதில் கேட்டாள். ஆக்ஸிடென்ட் என்றாள் மெர்சி. பிள்ளை அதைக் கார் விபத்து என்று எடுத்துக்கொண்டு பள்ளியில் கட்டுரையும் எழுதிவிட்டாள். மாமா நல்ல டிரைவர், தப்பு எதிரே வந்தவன் மேல் என்று எழுதியிருந்தாள். நாங்கள் திருத்தவில்லை.

அத்தை ஒவ்வொரு வருடமும் அவன் நினைவு நாளில் கூப்பிடுவார். அங்கே காலை ஜெபம் முடிகிற நேரம், இங்கே மத்தியானம். வீடியோவில்தான் கூப்பிடுவார், ஆனால் போனைக் காதில் வைத்துக்கொள்வார். அதனால் எங்களுக்கு அவர் காது மட்டும்தான் தெரியும். பேச்சும் மாறாது.

"எம்பிள்ளை இரும்பை உள்ள கொண்டு போற ஆளா மாப்ள?"

"இல்ல அத்தை."

"நீங்க அங்கன இருந்தீக. உங்க வாயால கேட்டாத்தான் இன்னைக்கு எனக்குச் சோறு எறங்கும்."

இல்லை என்பேன். ஏன் இல்லை என்று சொல்ல மாட்டேன். வருடத்துக்கு ஒரு முறை அந்தப் பாதி உண்மையைக் கொடுத்து அவரைச் சாப்பிட வைத்துக்கொண்டிருந்தேன்.

4

சென்ற மாதம் அந்த நாள் சனிக்கிழமையில் வந்தது. படகின் அடிப்பாகம் முழுவதும் கண்ணாடித் துணியை விரித்து வைத்திருந்தேன். ஒரே மூச்சில் பூசிவிடலாம் என்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எபாக்ஸியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கலந்தேன். பூசப் பூச வெள்ளைத் துணி மறைந்து மரத்தின் ரேகை மேலே வரும். பார்க்க ஆசையாக இருக்கும். பாதி பூசியிருப்பேன், மெர்சி சமையலறையிலிருந்து, "என்னங்க, அம்மா லைன்ல இருக்காக" என்றாள்.

டப்பாவைப் பெஞ்சில் வைத்தேன். கையுறையைக் கழற்றிவிட்டுப் போனோடு புல்தரைக்கு வந்தேன். சாப்பிட்டீகளா, எஸ்தர் எப்படி இருக்கா, இங்கன மழையே இல்லை, காரியாபட்டிச் சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லை. அப்புறம் அந்தக் கேள்வி.

"எம்பிள்ளை இரும்பை..."

நான் இல்ல அத்தை என்று வாயெடுக்கும்போது கராஜுக்குள்ளிருந்து எஸ்தர் குரல் கேட்டது. சைக்கிள் எடுக்கப் போயிருக்கிறாள். பதற்றம் இல்லை, ஆச்சரியம்தான்.

"அப்பா, இங்க ஒரு டப்பா சுடுது."

போன் எப்போது கையை விட்டது என்று தெரியாது. ஓடினேன். கத்தினேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"ஜெபா, தொடாதலே. வெளிய வாலே. அது நான் வச்ச மிச்சம்லே. நான்தான் வச்சேன். வாலே வெளிய."

எஸ்தர் கையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் புல்லில் போய் விழுந்தோம். அவளை உடம்பால் மூடிக்கொண்டு, தலையைக் கவிழ்த்து, காத்திருந்தேன். எதற்குக் காத்திருந்தேன் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

ஒன்றும் வெடிக்கவில்லை. எபாக்ஸி வெடிக்காது. புகைந்து, டப்பாவை உருக்கிவிட்டு, பாறையாக இறுகிவிடும். அவ்வளவுதான். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

எஸ்தர் எனக்கடியில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மிச்சமா? என்ன சாப்பாடுப்பா? ஜெபான்னு ஏன் கத்துனீங்க?" என்று கேட்டாள். நான் தலையைத் தூக்கினேன். சமையலறை வாசலில் மெர்சி நின்றிருந்தாள். அவள் சிவகாசிக்காரி. மிச்சம் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

புல்லில் போன் மல்லாந்து கிடந்தது. திரை முழுக்க அத்தையின் காது. அது அசையவில்லை. பிறகு இணைப்பு அறுந்தது.

5

புகையைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்புக்குச் சொல்லிவிட்டார். வந்த அதிகாரி என்ன நடந்தது என்று கேட்டார். இத்தனை வருட இங்கிலீஷ் எங்கே போனதோ. "தி மெடிசின் காட் ஹாட்" என்றேன். மருந்து சூடாயிருச்சு என்பதைத்தான் சொன்னேன். இங்கே கராஜில் போதைப்பொருள் காய்ச்சுகிற ஆட்கள் உண்டு. அவர் பார்வை புட்டிகள், தராசு, கையுறை என்று ஒவ்வொன்றாகப் போனது. "நீங்கள் என்ன மெடிசின் செய்கிறீர்கள் சார்?" என்றார், ரொம்ப மரியாதையாக. எஸ்தர்தான் அழுகையை நிறுத்திவிட்டு, "ரெசின், அவர் ரெசினைச் சொல்கிறார்" என்று என்னை மீட்டாள்.

அவர் சிரித்தார். அடுத்த முறை சூடேறினால் ஓட வேண்டாம், அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிட்டால் தானே ஆறிவிடும் என்றார். பிறகு படிவத்தை எடுத்து, இந்த மாதிரிப் பொருட்களில் முன் அனுபவம் உண்டா என்று கேட்டார். கட்டம் நிரப்பத்தான் கேட்டார்.

"உண்டு. வெடிபொருள். போர்மேனாக இருந்தேன்."

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். மெர்சி எஸ்தரின் மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு நொடி நின்றது, பிறகு மறுபடி சுற்றியது.

அவர்கள் போன பிறகு எஸ்தரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமைத் தட்டு, ஞாயிறு மழை, திங்கட்கிழமை அவன் குரல், என் கையெழுத்து. எஸ்தர் பாதியிலேயே எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். மெர்சி கேட்டுக்கொண்டே இருந்தாள். அழவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"இன்னைக்கு மட்டும் எப்படி வாய் வந்துச்சு?"

மேஜையில் கிடந்த கட்டுத்துணியைச் சுருட்டி வைத்தேன்.

"எங்கண்ணனுக்கு வராத சத்தம்" என்றாள். பிறகு, "அம்மாகிட்ட நான் பேசமாட்டேன். நீங்கதான் பேசணும்" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குக் கிளம்பினாள். அந்த வாரம் முழுக்க அவள் என்னை என்னங்க என்று கூப்பிடவில்லை. சோறு வைத்தாள், துணி துவைத்தாள், கூப்பிட மட்டும் இல்லை.

அத்தையும் கூப்பிடவில்லை. அவர் என்ன கேட்டார், எதுவரை கேட்டார் என்று தெரியாமல் எட்டு நாள் இருந்தேன். கேட்டிருக்க மாட்டார், வயசாயிற்று, காது மந்தம் என்று ஒரு நாள் நினைப்பேன். அப்படி நினைத்ததற்காக அடுத்த நாள் என்மேலேயே காறித் துப்பத் தோன்றும். மரக்கடையில் பலகையைத் தப்பாக அறுத்தேன். எங்கே யார் சூடாக இருக்கிறது என்று சொன்னாலும், காப்பியைச் சொன்னால்கூட, உடம்பு தூக்கிப்போட்டது.

6

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிட்டேன். அங்கே ஆராதனை முடிந்து வீடு திரும்பியிருப்பார். இங்கே ராத்திரி எட்டு மணி ஆகியும் வெளிச்சம் இருந்தது. மெர்சி எதிரே உட்கார்ந்திருந்தாள். முதல் முறையாக அத்தை போனைக் காதில் வைக்காமல் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். கண்ணாடி போட்டிருந்தார்.

"அத்தை, அன்னைக்கு நான் கத்துனது..."

"கேட்டேன் மாப்ள. முழுசாக் கேட்டேன். நீங்களாச் சொல்லுவீகளான்னு எட்டு நாளாப் பாத்துக்கிட்டு இருக்கேன். இப்பச் சொல்லுங்க, எனக்கு நேராச் சொல்லுங்க."

சொன்னேன். அவன் கடைசியாகப் பேசியதையும், நான் வாய் திறக்காததையும் சேர்த்து. குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப அவன் இரும்பைக் கொண்டு போகல."

"கொண்டு போகல அத்தை."

கண்ணாடியைக் கழற்றினார். சேலைத் தலைப்பால் துடைத்தார், கண்ணாடியைத்தான். மறுபடி போட்டுக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிருங்க அத்தை."

"அது எனக்கும் கர்த்தருக்கும் உள்ள பேச்சு. அது பெறகு. மொதல்ல எழுதுங்க. அவன் பேரு, உங்க பேரு, எல்லாம் போட்டு எழுதுங்க. ஊர்ல அச்சாகணும். எம்புட்டுப் பேரு என் வாசல்ல மண்ணைத் தூத்துனாக. அவுக படிக்கணும். அவுக எல்லாருக்கும் நான்தானே படிக்கக் கத்துக்குடுத்தேன்."

இந்தக் குறிப்புகள் அப்படித்தான் தொடங்கின. படகைப் பற்றி ஆரம்பித்ததுகூட நேராகத் தொடங்கத் தைரியம் இல்லாததால்தான். எழுதி முடித்து நேற்று அவருக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாம் பகுதியில் ஒரு வரியில் நிறுத்தச் சொன்னார். இப்போது நீங்கள் மேலே படித்த வரி அல்ல, முதலில் நான் எழுதியிருந்தது: சனிக்கிழமை மாலை சிறிது மருந்து மிச்சமாகிவிட்டது.

"திரும்ப வாசிங்க."

வாசித்தேன்.

"எழுவாய் எங்க மாப்ள?"

எனக்குப் புரியவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

"மருந்து அதுவா மிச்சமாகுமா? வச்ச ஆளு வேணும்ல? எழுவாய் இல்லாம எழுதித்தானே எம்பிள்ளை தலையில கொண்டு போய் வச்சாக. அடிச்சிட்டுத் திருப்பி எழுதுங்க."

அடித்துவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்க, திருப்பி எழுதினேன்.

மருந்தை மிச்சம் வைத்தது நான். என் பெயர் ஞானதாஸ். ஜெபராஜ் இரும்பு எதையும் உள்ளே கொண்டுபோகவில்லை.